ஃபார்க்கல் டைஸ் ஆட்டம்: ஆறு டைஸும் புள்ளி கொடுத்தால் மறுபடி போட்டே ஆகவேண்டுமா?

தோட்டத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்):

வணக்கம். இங்கே ஃபார்க்கல் ஆடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆறு டைஸ், 10,000 புள்ளி. புள்ளி விழுந்த டைஸை (ஒன்றுக்கு 100, ஐந்துக்கு 50, இப்படி) ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மீதியை மறுபடி போடலாம், ஆனால் ஆசைப்பட்டுப் போட்டதில் புள்ளி எதுவும் விழாவிட்டால் அந்த முறை சேர்த்ததெல்லாம் போய்விடும், அந்த ஆட்டம்தான். தீபாவளி லீவுக்குப் பெரியம்மா வீட்டில் எல்லாரும் கூடும்போது இதைத்தான் ஆடுகிறோம். காசு பணம் எதுவும் கிடையாது. பழைய மைலோ டின்னில் டைஸைப் போட்டுக் குலுக்கிப் பாயில் கொட்டுவது, நோட்டில் புள்ளி எழுதுவது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாதியில் சண்டை வந்துவிடுகிறது, அதுவும் சின்னப் பிள்ளைகள் போடும் சண்டை இல்லை, பெரியவர்கள் போடுவது.

பிரச்சினை என்னவென்றால் வீட்டில் ஆளுக்கொரு விதி. அண்ணன் மகன் பெட்டியோடு வந்த தாளைக் காட்டி மூன்று ஒன்று விழுந்தால் 300 என்கிறான். மாமா இணையத்திலிருந்து எடுத்த தாளில் அதே மூன்று ஒன்றுக்கு 1,000 என்று இருக்கிறது. தம்பி கம்ப்யூட்டர் கேமில் ஆடிப் பழகியவன், 1-2-3-4-5 விழுந்தாலே 500 கொடு என்று நிற்கிறான். சரி, அதைக்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம், அதைவிடப் பெரிய தகராறு இந்த நாலும்தான்:

பெரியம்மா முதல் தடவை போட்டதில் ஒரு ஐந்தை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்ததில் இன்னொரு ஐந்து, அதற்கடுத்ததில் இன்னொன்று. மூன்று ஐந்து ஆகிவிட்டது, 500 எழுது என்கிறார். எழுதலாமா?

அக்கா மகள் ஆறு டைஸையும் புள்ளியாக்கிவிட்டாள், கையில் 1,150. அப்படியே நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். மாமா விடவில்லை. ஆறும் விழுந்தால் மறுபடி போட்டே ஆகவேண்டும், அது தாயம் மாதிரி என்கிறார். போட்டாள், ஒன்றும் விழவில்லை. அப்புறம் பழைய 1,150 போகுமா, புதிதாகப் போட்டது மட்டும் போகுமா என்று அடுத்த சண்டை. பிள்ளை அழுதேவிட்டாள்.

500 இருந்தால்தான் எழுதலாம் என்கிற விதி ஒவ்வொரு முறைக்குமா, முதல் தடவைக்கு மட்டுமா?

கடைசியாக, ஒருவர் 10,000-ஐத் தாண்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்ததா? சரியாக 10,000 வரவேண்டுமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொங்கலுக்கு மறுபடி எல்லாரும் வருகிறார்கள், அதற்குள் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

---

கோப்பிக்கடை அண்ணன்:

தங்கச்சி, முதலில் ஒன்று தெரிந்துகொள். இந்த ஆட்டத்துக்கு இதுதான் ஒரே சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இது வீடு வீடாக ஆடி வந்த ஆட்டம், 1996 முதல்தான் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். அதனால் உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதில் யாருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஆட்டத்துக்குள் மூன்றையும் கலந்தால் கணக்கு உதைக்கும்.

பெட்டித் தாள்படி மூன்று ஒன்றுக்கு 300, மூன்று இரண்டுக்கு 200, மூன்று மூன்றுக்கு 300, இப்படியே மூன்று ஆறுக்கு 600. ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும் நாலு விழுந்தால் 1,000, ஐந்து விழுந்தால் 2,000, ஆறும் ஒன்றாக விழுந்தால் 3,000. 1 முதல் 6 வரை வரிசையாக விழுந்தால் 1,500, மூன்று ஜோடி விழுந்தால் 1,500, மூன்று ஒரே எண்ணாக இரண்டு செட் விழுந்தால் 2,500. மாமா கையில் இருப்பது பழைய பாணியாக இருக்கும். அதில் மூன்று ஒன்றுக்கு 1,000. நாலாவது, ஐந்தாவது அதே எண் விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பாகும், அதாவது நாலு இரண்டுக்கு 400, ஐந்து இரண்டுக்கு 800.

இப்போது இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்று பார். மூன்று ஒன்றுக்கு மாமா கணக்கில் 1,000. நாலு ஒன்றுக்குப் பெட்டிக் கணக்கில் அதே 1,000. நாலாவது ஒன்று விழுந்தும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை! அப்புறம் ஆள் என்ன செய்வான், நாலு ஒன்று என்று சொல்லாமல் மூன்று ஒன்று, தனியாக ஒரு ஒன்று என்று பிரித்து 1,100 கேட்பான். அங்கே ஒரு சண்டை. தாளைச் சுவரில் ஒட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் ஒரே தாள். பாதி இதில் பாதி அதில் வேண்டாம்.

உன் தம்பி சொல்வது கிங்டம் கம் டெலிவரன்ஸ் கேமில் வருவது, 2018-இல் வந்தது. அதில் 1 முதல் 5 வரைக்கு 500, 2 முதல் 6 வரைக்கு 750 உண்டு. அது அந்த கேமோடு சரி. பெட்டித் தாளில் அது இல்லை, 1-2-3-4-5 விழுந்தால் ஒன்றுக்கு 100, ஐந்துக்கு 50, ஆகமொத்தம் 150 தான்.

உன் நாலு கேள்விக்கு வருகிறேன்.

பெரியம்மாவுக்கு 500 கிடையாது, 150 தான். மூன்று ஒரே எண் என்பது ஒரே தடவை கொட்டியதில் விழுந்திருக்க வேண்டும். ஓரமாக எடுத்து வைத்த டைஸ் அங்கேயே முடிந்தது, அதற்குப் புள்ளி போட்டாகிவிட்டது, அடுத்து விழுவதோடு அதைச் சேர்க்க முடியாது. எந்தத் தாளை எடுத்தாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள். சேர்க்கலாம் என்று விட்டால் எல்லாரும் ஒற்றை ஐந்தாக எடுத்து வைத்துக்கொண்டே போவார்கள், துணிந்து போடுகிறவனுக்கு என்ன மரியாதை?

ஆறும் புள்ளியானால் ஹாட் டைஸ் என்பார்கள். ஆறையும் மறுபடி எடுத்துப் போட உனக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. பிள்ளை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னது சரி. மாமா சொல்வது தாயத்தில் சரி, அங்கே தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போட்டாக வேண்டும், ஆனால் தாயத்தில் மறுபடி போடுவதால் கையில் இருப்பது பறிபோகாது. இங்கே பறிபோகும். பறிபோகிற இடத்தில் கட்டாயப்படுத்துவது நியாயமே இல்லை, நிறுத்துவதா போடுவதா என்று அவரவர் முடிவு எடுப்பதுதான் ஆட்டமே.

போட்டு ஒன்றும் விழாவிட்டால் அந்த முறையில் சேர்த்தது மொத்தமும் காலி, 1,150-உம் சேர்த்துத்தான். நோட்டில் முன்பே எழுதியது மட்டும் பத்திரமாக இருக்கும். பிள்ளை தானாக விரும்பிப் போட்டிருந்தால் போனது போனதுதான். ஆனால் அவளை வற்புறுத்திப் போட வைத்திருக்கிறீர்கள், அதனால் அந்த 1,150-ஐ அவளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

500 விதி முதல் தடவைக்கு மட்டும். ஒரு தடவை 500-ஓ அதற்கு மேலோ சேர்த்து உள்ளே வந்துவிட்டால், அப்புறம் 50 என்றாலும் எழுதிக்கொள்ளலாம்.

கடைசிக் கேள்விக்கு வேறு யாராவது சொல்லுங்கள், கடையில் ஆள் வந்துவிட்டார்கள்.

---

கணக்கு டீச்சர்:

அண்ணன் சொன்னது பெரும்பாலும் எனக்கும் சம்மதம். 500 விதியில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அடுத்த சண்டை அங்கேதான் வரும். இன்னும் உள்ளே வராத ஒருவர் கையில் 450 இருக்கிறது, மீதி ஒரே ஒரு டைஸ். அவர் நிறுத்த முடியாது, நிறுத்தினாலும் எழுத முடியாது. போட்டே ஆகவேண்டும். புள்ளி விழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். சின்னப் பிள்ளைகள் இதிலேயே மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் முட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பிள்ளைகளோடு ஆடும்போது இந்த 500 விதியை எடுத்துவிடலாம், ஆட்டம் கெடாது.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. விழுந்த புள்ளி டைஸ் எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஒன்றாவது எடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஆறு டைஸ் போட்டு 1, 5, 5, 2, 3, 4 விழுந்தது என்று வையுங்கள்... (இல்லை, இது வரிசை இல்லை, ஆறு இல்லையே என்று கவனியுங்கள், பிள்ளைகள் அவசரத்தில் 1,500 எழுதிவிடுவார்கள்.) எல்லாம் எடுத்தால் 200, மீதி மூன்று டைஸ். ஒன்றை மட்டும் எடுத்தால் 100, மீதி ஐந்து டைஸ். அடுத்து போடுவதாக இருந்தால் போடுவதற்கு ஐந்து டைஸை வைத்துக்கொள்வதுதான் புத்தி.

ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன், என் டியூஷன் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லித்தர இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு டைஸ் போட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 66.7 விழுக்காடு. இரண்டு போட்டால் 44.4, மூன்றுக்கு 27.8, நாலுக்கு 15.7, ஐந்துக்கு 7.7. ஆறும் போட்டால் 2.3 தான், அதுவும் மூன்று ஜோடிக்குப் புள்ளி உண்டு என்று ஆடினால். மூன்று ஜோடி கிடையாது என்று ஆடினால் 3.1 ஆகிவிடும். பாருங்கள், தாளில் ஒரு வரியை அடித்தால் ஆபத்தும் மாறுகிறது. மூன்று டைஸில் நம்பிப் போடுவதும் ஐந்து டைஸில் போடுவதும் ஒன்றில்லை, நாலில் ஒரு பங்குக்கு மேல் காலியாவதற்கும் பதிமூன்றில் ஒரு தடவை காலியாவதற்கும் உள்ள வித்தியாசம்.

மூன்று டைஸ் கையில் இருக்கும்போது எப்போது நிறுத்துவது என்று எல்லாரும் கேட்பார்கள். மாமா பாணியில், அதாவது மூன்று ஒன்றுக்கு 1,000 என்றால், மூன்று டைஸ் போட்டால் சராசரியாக 87 புள்ளி அளவுக்குக் கிடைக்கும். கையில் 300 இருந்தால் இழக்கப்போவதன் சராசரி 300-இல் 27.8 விழுக்காடு, கிட்டத்தட்ட 83. ஆக 300-இல் வரவும் செலவும் ஏறக்குறைய சமம். மூன்றுமே விழுந்து ஹாட் டைஸ் கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்தால் எல்லை இன்னும் கொஞ்சம் மேலே போகும். 400-ஐத் தாண்டிவிட்டால் நான் மூன்று டைஸில் போடமாட்டேன், எழுதிக்கொண்டு டின்னைக் கொடுத்துவிடுவேன். அக்கா மகள் 1,150-இல் நிறுத்த நினைத்ததைப் பற்றி மட்டும் ஒன்று: அவளுக்கு ஆறு டைஸ் முழுதாக இருந்தது, காலியாக 2.3 விழுக்காடுதான். நானாக இருந்தால் போட்டிருப்பேன். ஆனால் அது அவள் முடிவு, மாமா முடிவு இல்லை.

---

தோட்டத்துப்பிள்ளை:

அண்ணனுக்கும் டீச்சருக்கும் ரொம்ப நன்றி. மாமாவிடம் போனில் படித்துக் காட்டினேன், தாயம் விஷயத்தில் ஒத்துக்கொண்டார், 1,150 விஷயத்தில் இன்னும் யோசிக்கிறாராம். நாங்கள் பெட்டித் தாளையே வைத்துக்கொள்வதாக முடிவு, ஏனென்றால் அதில் எல்லாம் அச்சாகி இருக்கிறது, யாரும் நான் இப்படித்தான் கேள்விப்பட்டேன் என்று சொல்ல முடியாது.

இரண்டு சந்தேகம் பாக்கி. கடைசிச் சுற்று எப்படி? அப்புறம் டைஸ் பாயின் ஓரத்தில் மடிப்பில் சாய்ந்து நிற்கிறது, சில சமயம் முறுக்கு டின் மேல் சாய்ந்துகொள்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது? பெரியப்பா ஆறையும் மறுபடி போடச் சொல்கிறார், நல்ல புள்ளி விழுந்தவர் விடுவாரா?

---

கெடா மருமகன்:

அக்கா, நாங்கள் லுனாஸ் பக்கம், இங்கேயும் இதே ஆட்டம்தான். கடைசிச் சுற்றுக்குச் சொல்கிறேன். சரியாக 10,000 வரவேண்டியதில்லை, தாண்டினால் போதும். ஒருவர் 10,050-இல் நிறுத்திவிட்டார் என்றால் ஆட்டம் உடனே முடியாது. அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு முறை. அது முடிந்ததும் மொத்தப் புள்ளி யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். நடுவில் ஒருவர் 10,400 அடித்துவிட்டால் முதல் ஆளுக்கு மறுபடி வாய்ப்பு கிடையாது, அடுத்தடுத்து வருகிறவர்கள் இனி 10,400-ஐத் துரத்த வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. துரத்துகிறவர்களுக்கு நிறுத்துவதால் எந்த லாபமும் இல்லை, 9,900-இல் நிறுத்தினாலும் தோற்றதுதான். அதனால் எல்லாரும் பயமே இல்லாமல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படி நாலைந்து பேர் இருக்கும்போது 10,050-இல் நிறுத்துவது ரொம்ப ஆபத்து. கையில் ஐந்து டைஸ் மீதி இருந்தால் இன்னொரு தடவை போட்டு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் எதிரே, அவரும் 6,000-இல் கிடக்கிறார் என்றால் பேசாமல் நிறுத்திவிடுங்கள்.

சாய்ந்த டைஸுக்கு எங்கள் வீட்டு விதி: சாய்ந்ததை மட்டும் எடுத்து மறுபடி டின்னில் போட்டுக் கொட்டுவது. பாயை விட்டு வெளியே ஓடியதற்கும் அதேதான். ஒரு மாவிளக்குத் தட்டோ பெரிய தாம்பாளமோ வைத்து அதற்குள் கொட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

---

கணக்கு டீச்சர்:

தம்பி சொன்னது சரி, சாய்ந்ததை மட்டும் மறுபடி போட்டால் போதும். மற்ற ஐந்தைப் பார்த்துவிட்ட பிறகு போடுகிறோமே, அநியாயம் இல்லையா என்று பெரியப்பா கேட்கலாம். அநியாயம் இல்லை. எது விழுந்திருந்தாலும் அந்த ஆறாவது டைஸுக்கு ஆறு முகமும் சம வாய்ப்புதான். ஆறையும் மறுபடி போடச் சொல்வதுதான் நல்ல புள்ளி விழுந்தவருக்கு அநியாயம். ஒன்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்: எது சாய்வு என்று. அதன் மேல் இன்னொரு டைஸை வைத்துப் பாருங்கள், நின்றால் நேர், சரிந்தால் சாய்வு. கண்ணால் பார்த்துச் சொல்வதை விட்டுவிடுங்கள், அவரவர் கண் அவரவர் பக்கம்தான் பேசும்.

பெரிய ஆட்டம் புரியாத சின்னதுகள் இருந்தால் அவர்களுக்கு ஒரே டைஸில் பிக் என்று ஒன்று இருக்கிறது, ஜான் ஸ்கார்ன் 1945-இல் எழுதி வெளியிட்டது. விழுந்ததைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஒன்று விழுந்தால் அந்த முறை சேர்த்தது காலி, முதலில் 100 எடுத்தவர் ஜெயித்தார். கையில் 20 சேர்ந்ததும் நிறுத்தச் சொல்லிக்கொடுங்கள். 2, 3, 4, 5, 6 கூட்டினால் 20. ஆறு முகத்தில் ஐந்து முகம் தரும் லாபம் அது, மீதி ஒரு முகம் கையில் இருப்பதைக் கொண்டுபோகும். கையில் 20-க்குக் கீழே இருந்தால் போடுவது லாபம், மேலே போனால் நஷ்டம். ஏழு எட்டு வயசுப் பிள்ளைக்கே இது விளங்கிவிடுகிறது.

---

கோப்பிக்கடை அண்ணன்:

கடைசிச் சுற்றில் இரண்டு பேர் சமமாக வந்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. அதையும் தாளில் எழுது தங்கச்சி. சமமானவர்கள் மட்டும் ஆளுக்கு ஒரு முறை போடட்டும், 500 விதி எதுவும் இல்லாமல், அதிகம் எடுத்தவர் ஜெயித்தார், மறுபடியும் சமமானால் மறுபடியும் ஒரு முறை. மூத்தவருக்கு விட்டுக்கொடு என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதே, உன் மாமா அதைத்தான் முதலில் கேட்பார்.